‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை

2013-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், ஒடிசாவின் நியமகிரி மலைத்தொடரில் உள்ள 12 சிற்றூர்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிராம சபைகள் கூடின. ஒவ்வொரு கூட்டத்தையும் மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் நேரில் இருந்து கவனித்தார். கூடியவர்களில் பெரும்பாலோர் டோங்ரியா கோந்த், குட்டியா கோந்த் பழங்குடியினர். மலையுச்சியில் பாக்சைட் வெட்டி எடுத்தால் தங்கள் நிலம், காடு, வழிபாடு ஆகியவற்றின் மீதான உரிமைகள் என்னவாகும் என்பதை அவர்களே கூடிப் பேசி முடிவுசெய்ய வேண்டியிருந்தது. 12 ஊர்களும் சுரங்கம் வேண்டாம் என்றே தீர்மானம் நிறைவேற்றின. அடுத்த ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகம் திட்டத்துக்கு இறுதியாக அனுமதி மறுத்தது.

இந்தியாவின் முதல் சுற்றுச்சூழல் பொதுவாக்கெடுப்பு என்று பரவலாகப் பேசப்பட்ட நிகழ்வு இது. இயற்கை வளத் திட்டங்கள் இன்று பெரும்பாலும் ‘கூட்டாண்மை’ என்னும் பெயரில்தான் அறிவிக்கப்படுகின்றன. அரசும் தனியாரும் சேர்ந்து நடத்தும் நிறுவனம், பன்னாட்டு முதலீட்டாளர்களின் கூட்டு, உள்ளூர் மக்களுடனான பயன்பகிர்வு ஒப்பந்தம் என்று அதற்குப் பல வடிவங்கள் உண்டு. அந்தக் கூட்டில் மண்ணின் மக்களும் ஒரு தரப்பாக இருக்கிறார்கள் என்று எப்போது சொல்ல முடியும்? அவர்கள் மறுத்தால் திட்டம் நிற்கும் என்னும் நிலை இருந்தால் மட்டுமே சொல்ல முடியும். நியமகிரியின் கதையும், அதற்கு நேரெதிராக முடிந்த ஓர் ஆஸ்திரேலியக் கதையும் இதை விளக்கப் போதுமானவை.

கூட்டாளிகள் யார்?

நியமகிரி மலைத்தொடர் ஒடிசாவின் ராயகடா, காலாஹாண்டி மாவட்டங்களில் பரவியிருக்கிறது. மலையுச்சியின் பாக்சைட் படிவு சுமார் 7 கோடி டன் என மதிப்பிடப்பட்டது. அதைத் தோண்டுவதற்கு மாநில அரசின் ஒடிசா சுரங்கக் கழகமும் வேதாந்தா குழுமமும் கூட்டு நிறுவனம் அமைக்க 2004-இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. அடிவாரத்தில் உள்ள லாஞ்சிகரில் ஆண்டுக்கு 10 லட்சம் டன் திறன்கொண்ட அலுமினா சுத்திகரிப்பு ஆலையை வேதாந்தா நிறுவியது. சுரங்கத்துக்குத் தேவைப்பட்ட வனநிலம் சுமார் 660 ஹெக்டேர்.

ஆக, மாநில அரசு, அரசு நிறுவனம், தனியார் நிறுவனம், அதற்குப் பின்னால் நின்ற முதலீட்டாளர்கள் என எல்லோரும் அந்தக் கூட்டில் இருந்தனர். மலையில் வாழும் ஏறத்தாழ 8,000 டோங்ரியா கோந்த் மக்கள் மட்டும் அதில் இல்லை. மிகவும் நலிவுற்ற பழங்குடிப் பிரிவுகளுள் ஒன்றாக அரசே வகைப்படுத்தியிருக்கும் சமூகம் அது. மலைச்சரிவில் மஞ்சளும் அன்னாசியும் ஆரஞ்சும் வாழையும் பயிரிட்டு வாழ்பவர்கள் அவர்கள். மலையுச்சி அவர்களது தெய்வமான நியம ராஜாவின் இருப்பிடம் என்பதால் அங்கு மரம் வெட்டுவதில்லை. அந்த நம்பிக்கையில் ஒரு நீர் மேலாண்மையும் அடங்கியிருக்கிறது. பாக்சைட் படிந்த உச்சி மழைநீரை உள்வாங்கி, ஆண்டு முழுவதும் ஓடைகளாகக் கசியவிடுகிறது. வம்சதாரா ஆற்றுக்கு நீர் சேர்ப்பவை இந்த மலைப்பகுதியின் ஓடைகள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது, 2007 நவம்பரில் நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. திட்டத்தை ஏற்க முன்வரும் நிறுவனம் வரிக்கு முந்தைய ஆண்டு இலாபத்தில் 5 விழுக்காடு அல்லது 10 கோடி ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதை அப்பகுதியின் வளர்ச்சிக்குத் தர வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. நல்லெண்ணத்துடன் வகுக்கப்பட்ட ஏற்பாடுதான். ஆனால், மலையைத் தோண்டலாமா என்பதை அந்த மக்களிடம் கேட்கும் கட்டம் அதில் இல்லை. தோண்டுவது முடிவான பிறகு எவ்வளவு கொடுப்பது என்பதே அங்கு பேசுபொருளாக இருந்தது.

இதற்கிடையே வெளியிலிருந்தும் அழுத்தம் வந்தது. நார்வே அரசின் ஓய்வூதிய நிதியம் 2007-இல் வேதாந்தாவைத் தன் முதலீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியது. பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை குறித்த நெறிகளின்கீழ் முறையீடுகளை விசாரிக்கும் பிரிட்டன் அரசின் அமைப்பு, டோங்ரியா கோந்த் மக்களின் உரிமைகளை அந்நிறுவனம் மதிக்கத் தவறிவிட்டதாக 2009-இல் முடிவுக்கு வந்தது. இங்கிலாந்துத் திருச்சபை 2010-இல் தன் பங்குகளை விற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் என்.சி. சக்சேனா தலைமையிலான குழு, வன உரிமைச் சட்டம் மீறப்பட்டிருப்பதாக அறிக்கை அளித்தது. அதன் அடிப்படையில் மத்திய அமைச்சகம் வன அனுமதியை மறுத்தது. மறுப்பை எதிர்த்து நீதிமன்றம் சென்றது நிறுவனமல்ல. மாநில அரசுக்குச் சொந்தமான சுரங்கக் கழகம். அந்த வழக்கில்தான் 2013 ஏப்ரல் 18 அன்று, கிராம சபைகளே முடிவுசெய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நூற்றுக்கும் மேற்பட்ட மலைக் குடியிருப்புகள் இருக்க, வாக்கெடுப்புக்கு 12 ஊர்களை மட்டும் மாநில அரசு தேர்ந்தெடுத்தது. அது போதாது என்ற விமர்சனம் எழுந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட 12-இல் ஒன்றுகூடச் சுரங்கத்துக்கு ஆதரவாக முடிவெடுக்கவில்லை. மீண்டும் கிராம சபை கூட்ட வேண்டும் என்று சுரங்கக் கழகம் 2016-இல் தொடுத்த மனுவையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

சட்டம் சொல்வது என்ன?

தொல்குடிகளின் உரிமைகள் குறித்த பிரகடனத்தை 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. ஆதரித்து வாக்களித்த 144 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எதிர்த்தவை ஆஸ்திரேலியா, கனடா, நியூஸிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகள். பின்னர் அவையும் தம் நிலையை மாற்றிக்கொண்டன. தொல்குடிகளின் நிலத்தையும் வளங்களையும் பாதிக்கும் திட்டங்களுக்கு அவர்களின் ‘சுதந்திரமான, முன்கூட்டிய, தகவலறிந்த இசைவு’ பெறப்பட வேண்டும் என்பது அப்பிரகடனத்தின் மையக் கருத்துகளுள் ஒன்று.

அந்தச் சொற்றொடரின் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. காவல்துறையின் நிழலிலோ பணத்தின் அழுத்தத்திலோ பெறப்படுவது சுதந்திரமான இசைவாகாது. ஆலையைக் கட்டி முடித்துவிட்டுக் கேட்பது முன்கூட்டிய இசைவாகாது. சுற்றுச்சூழல் அறிக்கையை மக்கள் அறியாத மொழியில் அச்சிட்டுத் தருவதால் அவர்கள் தகவலறிந்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். மறுக்கும் வாய்ப்பே இல்லாத இடத்தில் இசைவு என்ற சொல்லுக்கே பொருளில்லை.

ஐ.நா. பிரகடனம் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அன்று. ஆனால் இந்தியாவின் உள்நாட்டுச் சட்டங்களிலேயே இதற்கான வேர்கள் இருக்கின்றன. அட்டவணைப் பகுதிகளில் நிலம் கையகப்படுத்தும்முன் கிராம சபையையோ உரிய நிலையிலுள்ள ஊராட்சியையோ கலந்தாலோசிக்க வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டின் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் சொல்கிறது. காட்டில் தலைமுறைகளாக வாழ்வோரின் தனிமனித, சமுதாய உரிமைகளை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அங்கீகரித்தது. வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும்முன் கிராம சபையின் இசைவு தேவை என்று 2009-இல் மத்திய அமைச்சகம் சுற்றறிக்கை வெளியிட்டது. நியமகிரித் தீர்ப்பு இந்த உரிமைகளுடன், அரசமைப்பு தரும் வழிபாட்டு உரிமையையும் சேர்த்துப் பார்த்தது.

நிறுவனங்களின் பொறுப்பு பற்றி 2011-இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஏற்ற வழிகாட்டு நெறிகள் தெளிவாகப் பேசுகின்றன. மனித உரிமைகளைக் காப்பது அரசின் கடமை. அவற்றை மதிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. மீறல் நேர்ந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தீர்வு கிடைக்க வேண்டும். அரசு தன் கடமையில் தவறினாலும் நிறுவனத்தின் பொறுப்பு குறைவதில்லை என்பது இந்நெறிகளின் முக்கியமான கூறு. ‘அரசு அனுமதித்தது, நாங்கள் செய்தோம்’ என்று ஒரு நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஆஸ்திரேலியாவில் அதுதான் நடந்தது.

கையெழுத்து இருந்தும் தகர்ந்த குகை

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் ஜூக்கன் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கிருந்த பாறைக் குகையொன்றில் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வாழ்ந்தனர் என்பதற்கு அகழாய்வுச் சான்றுகள் கிடைத்தன. மனிதத் தலைமுடியால் பின்னப்பட்ட, சுமார் 4,000 ஆண்டுப் பழமையான கச்சையின் துண்டொன்றும் அங்கு கிடைத்தது. அதன் மரபணு, அந்நிலத்தின் இன்றைய மரபுரிமையாளர்களான பூட்டு குந்தி குர்ரமா, பினிகுரா மக்களின் மரபணுவுடன் தொடர்புடையது என்று கண்டறியப்பட்டது. தங்கள் முன்னோர் வாழ்ந்த இடம் அது என்று அவர்கள் சொல்லிவந்ததை அறிவியலும் உறுதிசெய்தது.

2020 மே 24 அன்று, இரும்புத் தாதுச் சுரங்கத்தை விரிவாக்குவதற்காக ரியோ டின்டோ நிறுவனம் அந்த இடத்தை வெடிவைத்துத் தகர்த்தது. அதன்மூலம் எட்டக்கூடிய தாது சுமார் 80 லட்சம் டன். மதிப்பு சுமார் 13.5 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

நிறுவனம் சட்டத்தை மீறவில்லை. மாநிலத்தின் 1972-ஆம் ஆண்டுத் தொல்குடி மரபுச் சட்டப்படி 2013-இல் அமைச்சரின் அனுமதி பெறப்பட்டிருந்தது. மரபுரிமையாளர்களுடன் நிறுவனத்துக்குப் பங்கேற்பு ஒப்பந்தமும் இருந்தது. அதற்காக அவர்களுக்குப் பணமும் வழங்கப்பட்டது. ஆனால் குகையின் தொன்மையை முழுமையாக உணர்த்திய அகழாய்வு 2014-இல்தான் நடந்தது. புதிய சான்று கிடைத்த பிறகு அனுமதியை மறுபரிசீலனை செய்யக் கோரும் வழி மரபுரிமையாளர்களுக்கு அந்தச் சட்டத்தில் இல்லை. குகையைத் தொடாமல் சுரங்கத்தை அமைக்கும் மாற்று வரைவுகள் நிறுவனத்திடம் இருந்தன; அவை அம்மக்களிடம் காட்டப்படவில்லை என்பது நாடாளுமன்ற விசாரணையில் வெளிப்பட்டது. தங்கள் விழா வாரத்தில் அங்கு செல்ல அவர்கள் அனுமதி கேட்டபோதுதான், வெடிவைக்கும் ஏற்பாடு தொடங்கிவிட்டதே அவர்களுக்குத் தெரியவந்தது.

உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியும் இரு மூத்த நிர்வாகிகளும் பதவி விலகினர். நிறுவனத் தலைவரும் பின்னர் விலகினார். 2025-இல் அந்த மக்களுடன் ரியோ டின்டோ கூட்டு மேலாண்மை ஒப்பந்தம் செய்துகொண்டது. தங்கள் நிலத்தில் சுரங்கம் திட்டமிடப்படும் தொடக்கக் கட்டத்திலேயே அவர்கள் பங்கேற்பதற்கு அது வழி செய்கிறது. ஆனால் குகை போனது போனதுதான்.

நியமகிரியில் கேள்வி தாமதமாகவேனும் கேட்கப்பட்டது; பதில் மதிக்கப்பட்டது. ஜூக்கனில் ஒருமுறை பெற்ற கையெழுத்து என்றைக்குமான இசைவாகக் கொள்ளப்பட்டது. வெளிப்பார்வைக்கு அங்கு கூட்டாண்மை இருந்தது. புதிய உண்மை தெரியவந்தபோது ‘இனி வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை மட்டும் அந்தக் கூட்டாளிக்கு இல்லை.

வளர்ச்சிக்குத் தடையா?

இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி எழும். நாட்டுக்கு அலுமினியம் வேண்டும், இரும்பு வேண்டும். கனிமவளம் நாட்டு மக்கள் அனைவருக்குமானது. சில ஆயிரம் பேர் மறுத்தால் திட்டமே நிற்க வேண்டுமா?

நியமகிரியில் நேர்ந்த பொருளாதார இழப்பின் காரணத்தைப் பார்த்தால் விடை தெளிவாகும். பாக்சைட்டுக்கு வன அனுமதி கிடைக்கும் முன்பே, மக்களின் இசைவு கேட்கப்படும் முன்பே, மலையடிவாரத்தில் ஆலை எழுப்பப்பட்டுவிட்டது. பக்கத்து மலையின் தாதுவை நம்பிக் கட்டிய ஆலை, தொலைவிலிருந்து தாதுவைத் தருவிக்க வேண்டியதாயிற்று. 2004-இலேயே மக்களிடம் கேட்டிருந்தால், 2013-இல் சொன்ன பதிலை அவர்கள் அப்போதே சொல்லியிருக்கக்கூடும். இழப்பை உண்டாக்கியது அவர்களின் மறுப்பு என்பதைவிட, கேள்வி ஒன்பது ஆண்டுகள் தள்ளிக் கேட்கப்பட்டதுதான்.

மற்றொன்றும் உண்டு. நாட்டின் நலனுக்கான விலையை எப்போதும் ஒரே பிரிவினர் கொடுத்துவருகிறார்கள். அணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் இடம்பெயர்ந்தவர்களில் பழங்குடியினரின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களின் பங்கைவிட மிக அதிகம். இனி இது கூடவும் செய்யலாம். மின்கலங்களுக்கும் காற்றாலைகளுக்கும் தேவைப்படும் கனிமங்களுக்கான 5,097 திட்டங்களை ஆராய்ந்து, 2022-இல் ‘நேச்சர் சஸ்டெயினபிலிட்டி’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. அவற்றில் 54 விழுக்காடு தொல்குடிகளின் நிலங்களிலோ அவற்றுக்கு அருகிலோ அமைந்திருப்பதாக அது கணக்கிட்டது. புவி வெப்பமாதலுக்கு மிகக் குறைவாகவே காரணமானவர்கள், அதற்கான மாற்று மருந்தின் விலையையும் கொடுக்க நேரலாம் என்பதே இதன் பொருள்.

மெய்யான கூட்டு எது?

மறுக்கும் உரிமை என்பது எல்லாத் திட்டங்களையும் மறுப்பதற்கானது அன்று. தங்கள் நிபந்தனைகளின்பேரில் ‘சரி’ என்று சொல்வதற்கான வலுவும் அதிலிருந்தே வருகிறது. பழங்குடிச் சமூகங்களுக்குள்ளும் கருத்து வேறுபாடுகள் உண்டு. வேலையும் வருமானமும் வேண்டுவோர் உண்டு. அவர்களும் பேரம் பேசக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

கனடாவின் கிழக்குக் கரையில் மிக்மாக் தொல்குடிச் சமூகங்கள் சில ஒன்றுசேர்ந்து, கிளியர்வாட்டர் என்னும் பெரிய கடல் உணவு நிறுவனத்தின் பாதியை வாங்கின. மறுபாதியை மற்றொரு உணவு நிறுவனம் வாங்கியது. 2020-இல் அறிவிக்கப்பட்ட அந்தக் கைமாற்றத்தின் மதிப்பு சுமார் 100 கோடி கனடிய டாலர். மீன்பிடி உரிமைக்காகப் பல்லாண்டுகள் வழக்காடிய மக்கள் இன்று அத்தொழிலின் உரிமையாளர்கள். எல்லா இடத்திலும் இது சாத்தியமில்லை. ஆனால் கூட்டாளி என்ற சொல்லை எவ்வளவு தூரம் மெய்யாக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

இந்தியாவில் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் 2015 முதல் இருக்கின்றன. ஏலத்தில் பெற்ற குத்தகையாயின் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையில் 10 விழுக்காட்டுக்கும், பழைய குத்தகையாயின் 30 விழுக்காட்டுக்கும் ஈடான தொகையைச் சுரங்க நிறுவனங்கள் அவற்றுக்குத் தர வேண்டும். பயனுள்ள ஏற்பாடு இது. எனினும் இது இழப்புக்குப் பிந்தைய பகிர்வு. முடிவெடுக்கும் இடத்தில் மக்களுக்கு நாற்காலி தருவதற்கு இது ஈடாகாது.

எனவே ஒரு திட்டம் உரிமைகளை மதிக்கிறதா என்பதை அறிய நான்கு கேள்விகள் போதும். மக்களிடம் கேட்டது முதலீட்டுக்கு முன்பா, பின்பா? மாற்று வழிகள் உள்பட அனைத்தும் அவர்களின் மொழியில் அவர்களுக்குச் சொல்லப்பட்டனவா? நிலைமை மாறினால் இசைவைத் திரும்பப் பேச வழி இருக்கிறதா? தீங்கு நேர்ந்தால் அவர்கள் முறையிட, நிறுவனத்தையும் அரசையும் சாராத அமைப்பு உண்டா?

நாம் நிற்கும் இடம்

நியமகிரித் தீர்ப்புக்குப் பிறகு இந்தப் பாதையில் நாம் முன்னே சென்றிருக்க வேண்டும். நடந்தது வேறு. 2022-இல் வெளியான வனப் பாதுகாப்பு விதிகள், மத்திய அரசு ஒப்புதல் தந்த பிறகு வன உரிமைச் சட்ட நடைமுறைகளை மாநில அரசு உறுதிசெய்துகொள்ளலாம் என்று வரிசையை மாற்றின. தேசியப் பழங்குடியினர் ஆணையமே இவ்விதிகளை நிறுத்திவைக்கக் கோரியது. தில்லியின் ஒப்புதல் கையில் வந்த பிறகு, ஒரு சிற்றூரின் கிராம சபை அதை எதிர்த்து நிற்பது எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கேட்கும் வரிசை பழங்குடிப் பகுதிகளின் சிக்கல் மட்டுமன்று என்பதற்கு மதுரை மாவட்டம் சான்று. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்த அரிட்டாபட்டியின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி, 2024-இல் ஏலம் விடப்பட்டது. ஏல முடிவு வெளியான பிறகே தங்கள் ஊர் அதில் இருப்பது மக்களில் பலருக்குத் தெரிந்தது. கிராம சபைத் தீர்மானங்கள், போராட்டங்கள், சட்டப்பேரவைத் தீர்மானம் ஆகியவற்றுக்குப் பின், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி கடைசியில்தான் கேட்கப்பட்டது.

திருத்தம் கடினமானதன்று. சுரங்கத் தொகுதியை ஏலப் பட்டியலில் சேர்க்கும் முன்பே கிராம சபையின் கருத்து பெறப்பட வேண்டும். வனநிலத் திட்டங்களில் கிராம சபையின் இசைவு, மத்திய அரசின் ஒப்புதலுக்கு முந்தைய நிபந்தனையாக மீண்டும் வர வேண்டும். கடன் தரும் வங்கிகளும் பொதுத்துறைப் பங்குதாரர்களும் அந்த இசைவுத் தீர்மானத்தைப் பார்க்காமல் பணம் விடுவிக்கக் கூடாது. இவை மூன்றும் இருந்திருந்தால் லாஞ்சிகர் ஆலைக்கான இடமே வேறாக இருந்திருக்கும்.

நியமகிரியின் உச்சி இன்றும் தோண்டப்படாமல் இருக்கிறது. அதன் ஓடைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பல ஆயிரம் கோடி ரூபாய் முதலீட்டின் எதிரே, மலைவாழ் மக்கள் தங்கள் ஊரில் கூடிச் சொன்ன ஒரு சொல்லுக்குச் சட்டம் மதிப்பளித்ததே அதற்குக் காரணம். அந்த மதிப்பு அடுத்த மலைக்கும் கிடைக்குமா என்பது நம் விதிகள் எந்த வரிசையில் எழுதப்படுகின்றன என்பதைப் பொறுத்தது.